பிஸ்கட் தீர்ந்துபோன குலுக்கல்

உட்காருங்கண்ணே. கம்ப்யூட்டர்ல சர்வர் இப்போதைக்கு வராது. ‘ரெண்டு நிமிசத்துல வந்துரும்’னு முதலாளி சொல்லிட்டுப் போனார்ல, அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வாரு. கடை அவருது, சொல்லித்தான் ஆகணும். நான் சம்பளத்துக்கு இருக்கிறவ, எனக்கு எதுக்குப் பொய். திரையில ஒரு வட்டம் சுத்துது பாருங்க, அது நின்னாத்தான் நம்ம வேலை. அது வரைக்கும் ஃபேனுக்கு நேரா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கங்க. சிவப்பு வேண்டாம், அதுக்குக் கால் ஆடும்.

பையனுக்கு எல்.கே.ஜி.யா? இலவச இடத்துக்கு. எந்தப் பள்ளிக்கூடம்?

மலர்ச்சோலையா.

ஒண்ணுமில்லண்ணே, சும்மா சிரிச்சேன். அந்தப் பேரைக் கேட்டா எனக்குப் பிஸ்கட் ஞாபகம் வரும். சொல்றேன், எப்படியும் வட்டம் சுத்திக்கிட்டுத்தான் இருக்கப்போகுது.

முதல்ல, பணம் எப்படி வரும்னு நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிடுறேன், எனக்கு எதையும் பாதியில விடப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தைத் தவிர. அதைப் பதினொண்ணாவதுல பாதியில விட்டேன். எனக்குக் கெமிஸ்ட்ரி பிடிக்கலை, கெமிஸ்ட்ரி டீச்சருக்கு என்னைப் பிடிக்கலை, அதுக்கு மேல ரெண்டு பேரும் எதுக்குக் கஷ்டப்படணும்.

பணம் உங்க கைக்கு வராது. அதைப் புரிஞ்சுக்கங்க. பாஸ்புக்கைத் தூக்கிட்டு வந்து ‘எந்தக் கணக்குல ஏறும்மா’ன்னு கேக்குறவங்க உண்டு. எந்தக் கணக்குலயும் ஏறாது. தனியார் பள்ளிக்கூடத்துல ஆரம்ப வகுப்புல நாலுல ஒரு இடத்தை நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒதுக்கணும், அந்தப் பிள்ளைகளோட பீஸை அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டும். அது எப்போ கட்டும்னு பள்ளிக்கூடத்துக்கே தெரியாது. அதனால நம்மளைப் பார்த்தா அவங்களுக்குக் கடன் வாங்கினவனைப் பார்த்த மாதிரி இருக்கும். வாங்கினது நாம இல்லை, ஆனா முன்னாடி நிக்கிறது நாமதானே.

வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல இருக்கணும். பிறந்த தேதி சரியா இருக்கணும். வருமானச் சான்று வேணும். போன வாரம் ஒருத்தர் தாலுகா ஆபீசுல ‘எனக்கு வருமானமே இல்லை சார்’னு சொல்லியிருக்காரு, புல்லட்ல போய் இறங்கி. உங்களோடது எல்லாம் சரியாத்தான் இருக்கு, பார்த்துட்டேன். இதுக்கு மேல இடத்தை விட ஆள் அதிகமா வந்தா குலுக்கல். மலர்ச்சோலைக்கு எப்பவும் அதிகம்தான் வரும்.

குலுக்கல்லதான் எங்கக்கா என்னோட பேசுறதை நிறுத்தினா.

இல்லை, சரியாச் சொல்லணும்னா குலுக்கல்ல இல்லை, அதுக்கப்புறம். ஆனா ஆரம்பம் அதுதான்.

எங்கக்கா முனீஸ்வரி நூல் மில்லுக்குப் போறா. மச்சான் திருப்பூர்ல. நான் அக்கா வீட்டுலதான் இருக்கேன், அவ மகன் லோகித்தைப் பார்த்துக்கணும்ல. மில் வண்டி மலர்ச்சோலை வழியாத்தான் போகும். வண்டி அங்க திரும்பும்போது அந்தப் பிள்ளைகள் டையும் சூவுமா வரிசையில நிக்கிறதைப் பார்த்துப் பார்த்து எங்கக்காவுக்கு அது ஒரு நோயாவே ஆயிருச்சு. போன வருசம் நான்தான் விண்ணப்பம் போட்டுக் குடுத்தேன், இதே கம்ப்யூட்டர்ல. அன்னிக்குச் சாயங்காலமே அவ கறுப்பு சூ வாங்கிட்டு வந்துட்டா. ஒட்டுற பட்டை வச்சது. ஒரு அளவு பெரிசா வேற.

‘ஏன்க்கா, குலுக்கலே இன்னும் முடியலை’ன்னேன்.

‘வாயைக் கழுவுடி. அவன் போகத்தான் போறான். வளர்ற பிள்ளை, பெரிசாவே இருக்கட்டும்’னா.

கிடைக்காம போனா சூவைத் திருப்பி எடுத்துக்குவாங்களான்னுதான் கேட்டேன். அதுக்குக் கரண்டியைத் தூக்கி எறிஞ்சா. நியாயமான கேள்விதானே அது.

லோகித்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நல்ல பையன். அடம் கிடையாது. ஆனா தாள் தின்பான். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியலை. அக்கா மில்லுக்குப் போனதும் அவனை நான்தான் கடைக்குக் கூட்டிட்டு வருவேன். இதோ, இந்த மேசைக்கு அடியில உட்கார வைப்பேன். சும்மா உட்கார்ந்தா அழுவான். போட்டோ வெட்டும்போது ஓரத்துல துண்டு விழும்ல, அதுல ரெண்டைக் கையில குடுத்தா அழுகை நின்னுரும். நான் என் வேலையைப் பார்ப்பேன். சாயங்காலம் குனிஞ்சு பார்த்தா துண்டு ஒண்ணும் இருக்காது. கூட்டுற வேலை மிச்சம்னு நினைச்சுக்குவேன். பிள்ளைகளுக்குக் கெட்ட பழக்கம் எங்கிருந்துதான் ஒட்டுதோ போங்க.

குலுக்கல் அன்னிக்கு அக்கா லீவு போட்டா. லோகித்துக்குத் தலையைப் படிய வாரி, பவுடரைக் கொட்டி, கல்யாண வீட்டுக்குக் கிளப்புற மாதிரி கிளப்பினா. என் கையில ஒரு பால் பிஸ்கட் பாக்கெட்டைக் குடுத்து, ‘அழுதான்னா ஒண்ணு குடு’ன்னா.

பள்ளிக்கூட ஹால்ல ஊர்க் கூட்டம். எங்க தெருவுல இருந்து தங்கமாரி மதினியும் வந்திருந்தாங்க, மக தன்விகாவைக் கூட்டிக்கிட்டு. அவங்களும் எங்கக்காவும் பேச்சுவார்த்தை கிடையாது. தண்ணிக் குழாய்ல யாரு குடம் முதல்ல இருந்துச்சுன்னு ஒரு சண்டை. தங்கமாரி மதினி குடம்தான் முதல்ல இருந்துச்சு, நான் கண்ணால பார்த்தேன், எல்லாரும் கேக்கும்போது பார்த்ததைச் சொன்னேன். அதுக்கும் எங்கக்கா ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தா. உண்மை சொல்றதுன்னா எங்க வீட்டுல யாருக்கும் ஆகாது.

சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்கலை. எனக்குப் பசி. காலையில அக்கா பண்ணின அலப்பறையில நான் சாப்பிடவே இல்லை. பிஸ்கட்டுல நாலஞ்சு எடுத்தேன். நானும் மனுசிதானே. அது ஒண்ணும் பெரிய பாக்கெட்டும் இல்லை.

அப்புறம் கல்வி ஆபீசுல இருந்து ஒரு ஐயா வந்தாரு. எல்லாப் பிள்ளைங்க பேரையும் சத்தமா வாசிச்சுக் காட்டி, எல்லார் கண் முன்னாடியும் ஒவ்வொண்ணையும் துண்டுச் சீட்டா மடிச்சு ஒரு எவர்சில்வர் வாளியில போட்டாரு. ‘பெரியவங்க யாரும் எடுக்க வேண்டாம், சின்னப் பிள்ளை ஒண்ணு எடுக்கட்டும், அப்பத்தான் நாளைக்கு யாரும் குறை சொல்லமாட்டீங்க’ன்னாரு. பள்ளிக்கூடத் தாளாளர் அம்மா கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாங்க. வெள்ளை வெளேர்னு பவுடரோட ஒருத்தன்தான் கண்ணுல பட்டான். ‘அந்தத் தம்பி வரட்டும்.’

எங்கக்காவுக்குப் பெருமை தாங்கலை. அவளே தூக்கிட்டுப் போய் வாளிகிட்ட நிறுத்தினா.

வாளியில என்ன இருக்கு? தாள்.

நான் அப்பவே சொன்னேன். ‘அக்கா, இவன் தாள் தி...’ன்னு ஆரம்பிச்சேன். ‘நல்ல நேரத்துல வாயை மூடு’ன்னுட்டா. சரின்னு பக்கத்துலயே போய் நின்னுக்கிட்டேன். அவன் ஒரு சீட்டை எடுப்பான், வாய்க்குக் கொண்டுபோவான், நான் பிஸ்கட்டை நீட்டுவேன், சீட்டை விட்டுட்டு பிஸ்கட்டை வாங்கிக்குவான், நான் சீட்டை ஐயாகிட்ட குடுப்பேன். ஐயா பிரிச்சு வாசிப்பாரு, ஒரு குடும்பம் கையெடுத்துக் கும்பிடும். ‘தம்பி நல்லா ஒத்துழைக்கிறான்’னு ஐயாவே பாராட்டினாரு. எங்க பேரு வரலை. தங்கமாரி மதினி மக பேரும் வரலை. அப்படியே போய், பாக்கி ஒரே ஒரு இடம்.

அவன் கையை விட்டான், எடுத்தான். நான் பாக்கெட்டுக்குள்ள விரலை விட்டேன்.

பிஸ்கட் இல்லை.

அவ்வளவுதாண்ணே. பிள்ளை எவ்வளவு நேரம் காத்திருப்பான். வாயில போட்டான், ரெண்டு மெல்லு மென்னான், முழுங்கிட்டான். ஐயா கையை நீட்டினபடியே நிக்கிறாரு. இவன் அவரைப் பார்த்து வாயைத் திறந்து காட்டுறான், மாத்திரை முழுங்கினதைக் காட்டுவாங்கள்ல, அப்படி.

‘ஏலே, என்னலே பண்ணின’ன்னு பின்னாடி இருந்து ஒருத்தர் கத்துறாரு. ‘குப்புறப் போட்டு முதுகுல தட்டுங்க’ன்னு ஒரு அம்மா. தாளாளர் அம்மா, ‘மை விஷமா இருக்குமா’ன்னு கேட்டுக்கிட்டு தண்ணி எடுத்துட்டு வர ஓடினாங்க. ‘ஒண்ணும் ஆகாதுங்க, தினமும் தின்பான்’னேன். அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. நான் ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

யாரு பேரைத் தின்னான்னு யாருக்கும் தெரியலை. கொஞ்ச நேரம் சத்தம். அப்புறம் ஐயா சொன்னாரு, ‘சரி, முழுங்கினதை விடுங்க. மீதி இருக்கிறதுல இருந்து மறுபடி ஒண்ணு எடுத்துக்கலாம், எல்லாருக்கும் சம்மதமா?’ எல்லாரும் தலையாட்டினாங்க. எங்கக்கா வேகமா ஆட்டினா.

எனக்குத்தான் ஆறலை. இதுல குழப்பம் எங்க இருக்கு? ‘எதுக்கு சார் மறுபடி எடுக்கணும்? வாளியில இருக்கிற எல்லாத்தையும் பிரிச்சு வாசிங்க. எந்தப் பேரு அதுல இல்லையோ, அதுதான் இவன் வயித்துல இருக்கு’ன்னேன்.

ஐயா, ‘அதுவும் சரிதான், நானே அதைத்தான் சொல்ல வந்தேன்’னாரு. சொல்ல வந்த மாதிரி தெரியலை. இருக்கட்டும்.

வாசிக்க ஆரம்பிச்சாரு பாருங்க, அப்பத்தான் கூத்து. அது வரைக்கும் பேரு வந்தவங்க சிரிச்சாங்க. இப்போ பேரு வந்தா இடம் இல்லைன்னு அர்த்தம். ஒரு பேரை வாசிச்சா ஒரு குடும்பம் பையை எடுத்துக்கிட்டு எந்திரிக்கும். ஒவ்வொருத்தர் எந்திரிக்கும்போதும் எங்கக்கா என் முழங்கையை இறுக்கிக்கிட்டே வந்தா. கடைசியில வாளியில ஒரே ஒரு சீட்டு. வாசிக்காத பேரு ரெண்டு. எங்க லோகித், தங்கமாரி மதினி மக தன்விகா.

எங்கக்கா நகம் என் கையில பதிஞ்சிருச்சு. இந்தா, தழும்புகூட இருக்கணும். இல்லை, போயிருச்சு.

ஐயா பிரிச்சாரு. ‘எஸ். லோகித்’னாரு.

லோகித், ‘உள்ளேன்’னான். பேரைக் கேட்டா அப்படிச் சொல்லணும்னு எங்கக்காதான் பழக்கி வச்சிருந்தா.

ஆக, அவன் தின்னது தன்விகா பேரை. இடம் தன்விகாவுக்கு. தங்கமாரி மதினி வந்து லோகித்துக்கு முத்தம் குடுத்தாங்க, வயித்துல. எங்கக்கா சுவரைப் பார்த்து நின்னா. அப்புறம் மீதிச் சீட்டையெல்லாம் மறுபடி மடிச்சுப் போட்டு, காத்திருப்புப் பட்டியலுக்கு எடுத்தாங்க. இந்தத் தடவை பள்ளிக்கூட வாட்ச்மேன் எடுத்தாரு, அவர் தாள் தின்னமாட்டாரு. முதல் பேரு லோகித். அதாவது, இடம் கிடைச்ச பிள்ளை ஏதாவது வராம நின்னுட்டா, அந்த இடம் எங்களுக்கு.

‘பாத்தியாக்கா, ஒண்ணும் மோசம் போகலை’ன்னேன். வீட்டுல வந்து ஒண்ணே ஒண்ணு கேட்டா.

‘மறுபடி எடுக்கிறேன்னுதானடி சொன்னாரு அந்த ஆளு?’

‘ஆமா, ஆனா அது முறை இல்லையேக்கா. தன்விகா இடம்தானே அது’ன்னேன்.

அதோட விட்டா. அப்போ பேசிக்கிட்டுத்தான் இருந்தா. கோவத்தோட, ஆனா பேசினா.

ஜூன்ல தன்விகா போக ஆரம்பிச்சா. எங்கக்காவுக்கு அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை உடம்பு மேல வந்த அக்கறையைப் பார்க்கணுமே. ‘அந்தப் பிள்ளை தும்முது பாரு, ரெண்டு நாள் போகமாட்டா’ம்பா. ‘இன்னிக்கு அழுதுக்கிட்டே போச்சு, ரொம்ப நாள் தாங்காது’ம்பா. நான், ‘எல்லாப் பிள்ளையும்தான் அழும், நான் பதினொண்ணாவது வரைக்கும் அழுதேன்’னேன்.

இதை நீங்களும் கேட்டுக்கங்கண்ணே. பீஸ்தான் அரசாங்கம் கட்டும். வேனுக்கு நாமதான் கட்டணும். அது போக டை, பெல்ட்டுன்னு ஏதாவது ஒண்ணு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. தங்கமாரி மதினி கடலை வறுத்து விக்கிறவங்க, காலையிலயே வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போகணும். கொண்டுபோய் விட ஆள் இல்லை, வேனுக்குக் குடுக்க வழி இல்லை. ஆடி பிறக்கும்போது, ‘நிப்பாட்டிரலாம்னு இருக்கேன் ஈசு, எப்படி எழுதிக் குடுக்கணும்’னு இங்க கடைக்கே வந்து கேட்டாங்க. என் பேரு அங்காளீஸ்வரி, ஈசுன்னுதான் கூப்பிடுவாங்க.

தெருவுல ஒரு செய்தி எப்படிப் போகும்னு உங்களுக்குத் தெரியாதா. நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள எங்கக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு. சூவை டிவி மேல இருந்து இறக்கி, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைச்சுக்கிட்டு இருக்கா. பாட்டு வேற முணுமுணுக்கிறா. எனக்கு அவளை அப்படிப் பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தப்பான நினைப்பை வளர விடக்கூடாதுல்ல.

‘அக்கா, தன்விகா நிக்கலை’ன்னேன்.

‘நிக்குதுன்னு ஊரே சொல்லுது.’

‘நிக்கத்தான் இருந்தாங்க. வேன் கட்டாயம் இல்லைன்னு நான் சொன்னேன். நான் சைக்கிள்ல கடைக்கு வர்ற வழிதானே மலர்ச்சோலை, நானே பின்னாடி உட்கார வச்சுக் கொண்டுபோய் விட்டுர்றேன்னு சொல்லிட்டேன்.’

எண்ணெய்த் துணியைக் கீழ வச்சா. சூவை டப்பாவுல வச்சு மூடினா. அவ்வளவுதான். அன்னிக்குப் பேச்சை நிறுத்தினவதான்.

நீங்களே சொல்லுங்க, இதுல என் மேல என்ன தப்பு? போற வழியில இருக்கு. சைக்கிள்ல கேரியர் சும்மாத்தான் கிடக்கு. கேட்டதுக்கு, இருக்கிறதைச் சொன்னேன். இதுக்கு ஒரு வருசமா பேசாம இருப்பாங்களா? ஒரே வீடு. ‘லோகித், சோறு இருக்குன்னு சித்திகிட்ட சொல்லு’ம்பா. நான் பக்கத்துலதான் நிப்பேன். அவன் திரும்பி, ‘சித்தி, சோறு’ம்பான். ‘குழம்பு என்னன்னு அம்மாகிட்ட கேளு’ம்பேன். பாவம், அவனுக்குத்தான் வேலை. ஒரு தடவை குழம்பு பேரை மறந்துட்டு அவனா ஏதோ சொல்லிட்டான்.

அவனை நம்ம கடைக்குப் பக்கத்துல இருக்கிற பால்வாடியில சேர்த்தாச்சு. அதுவும் நல்லாத்தான் இருக்கு, முட்டை போடுறாங்க, பையன் வயிறு நிறைஞ்சு தாளை விட்டுட்டான். காலையில முன்னாடி கம்பியில அவன், பின்னாடி கேரியர்ல தன்விகா. முதல்ல அவளைப் பள்ளிக்கூட வாசல்ல இறக்கிட்டு அப்புறம் இவனைக் கொண்டுபோய் விடுவேன்.

அவ ஒரு வாயாடி. ஏறினதுல இருந்து முந்தின நாள் மிஸ் சொன்னது அத்தனையையும் ஒப்பிப்பா. பாட்டு, நிறம், கிழமை, ஆங்கிலத்துல மிருகம் பேரு. முதுகுக்குப் பின்னாடி இருந்து அவ கத்துவா, எனக்கு முன்னாடி இருந்து இவன் திருப்பிக் கத்துவான், நடுவுல என் காது. அவ நிறுத்திட்டா இவன் திரும்பி, ‘அப்புறம்?’பான். ஒரு நாள் மழையில நான் வேகமா மிதிச்சுட்டேன்னு வாசல்ல வச்சு ரெண்டும் அழுகை, ‘பாட்டு முடியலை’ன்னு. பள்ளிக்கூடத்துக்குள்ள போகமாட்டேன்னு அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கேன். வந்து சேர்ந்துட்டோமேன்னு அழுத பிள்ளையை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

நேத்து அக்கா மில்லுல இருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கா. இவன் அவ முன்னாடி நின்னு, கையைக் கட்டிக்கிட்டு, கிழமை ஏழையும் ஆங்கிலத்துல சொல்றான். அப்புறம் நிறம். அப்புறம் ஒரு பாட்டு, ஆட்டத்தோட.

‘யாருடா சொல்லிக் குடுத்தா? பால்வாடி டீச்சரா?’

‘இல்ல. சைக்கிள்ல.’

அக்கா என்னைப் பார்த்தா. நான் தட்டைப் பார்த்தேன், சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

இன்னிக்குக் காலையில நான் சைக்கிளைத் திருப்பி நிறுத்திட்டு நிக்கிறேன், நேரமாகுது, இவன் வரலை. உள்ள எட்டிப் பார்த்தா அக்கா அவனுக்கு அந்தக் கறுப்பு சூவைப் போட்டு விட்டுக்கிட்டு இருக்கா. பட்டையை ஒட்டி, எடுத்து, மறுபடி இறுக்கி ஒட்டுறா. ஒரு வருசம் டப்பாவுல இருந்தது, இப்போ அளவெடுத்த மாதிரி இருக்கு. பால்வாடிக்கு யாராவது சூ போடுவாங்களா? நான் ஒண்ணும் சொல்லலை. சொல்லத்தான் நினைச்சேன்.

அவளே தூக்கிட்டு வந்து கம்பியில உட்கார வச்சா. ஹேண்டில் பாரைப் பிடிச்சுக்கிட்டு, என் மூஞ்சியைப் பார்க்காம சொன்னா.

‘மெதுவா ஓட்டு. நேத்து பாதிப் பாட்டுலயே பள்ளிக்கூடம் வந்துருச்சாம்.’

ஒரு வருசம் கழிச்சுப் பேசுறவ, பேசின முதல் பேச்சே குறைதான். மெதுவா ஓட்டினா கடைக்கு நேரமாகாதா? முதலாளி திட்டமாட்டாரா? நான் என்ன பண்றது, கண்மாய்க் கரையைச் சுத்திக்கிட்டுப் போனேன். பாட்டு ரெண்டு தடவை முடிஞ்சுது. திட்டும் வாங்கினேன், நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான்.

இருங்க. வட்டம் நின்னுருச்சு.

போன்ல ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க. ம். ம். சரி, ஏத்தியாச்சு. இந்தாங்க ரசீது. பையன் கையில குடுக்காதீங்க, நீங்களே மடிச்சு வைங்க. பொறுங்க, இன்னொண்ணு. குலுக்கல் அன்னிக்குப் பிஸ்கட் ரெண்டு பாக்கெட்டா கொண்டுபோங்க. ஒண்ணு பிள்ளைக்கு, ஒண்ணு உங்களுக்கு. அங்க லேசுல ஆரம்பிக்க மாட்டாங்க.